நடைக்கு ஆயிரத்து நூற்றைம்பது

எடைமேடைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பதினெட்டு டிப்பர் லாரிகள் நின்றால், பதினெட்டு முதலாளிகள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். முதலாளி என்றதும் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவரேதான் முதலாளி, அவரேதான் டிரைவர், மழை தூறினால் மேலே ஏறித் தார்ப்பாய் கட்டுகிறவரும் அவரேதான். கம்பெனி வண்டி ஓட்டுகிறவனுக்காவது மாசம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று வரும். இவர்களுக்கு மாசம் பிறந்தால் தவணைதான் வரும்.

இந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவருக்கு 'ரேட்டு' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது, அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. யாருக்கு என்ன வேலை வந்தாலும் முதலில் அவரிடம்தான் வந்து நிற்பார்கள். "அண்ணே, பதினஞ்சு கிலோமீட்டர், ஜல்லி, நடைக்கு என்ன கேக்கலாம்?" என்பார்கள். ஏற்றிப் போய்க் கொட்டிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பினால் அது ஒரு நடை. ரேட்டு சட்டைப்பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, லாரியின் பக்கப் பலகையில் மளமளவென்று எழுதுவார். டீசல், டயர், ஆயில், தரகு, மண் அள்ளிப் போடுகிற பொக்லைன்காரனுக்கு டீச்செலவு, வண்டித் தவணை, வீட்டுச் செலவு என்று போட்டு, கடைசியில் ஒரு தொகையை எழுதி அதைச் சுற்றி வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குக் கீழே யாரும் போகக்கூடாது. அது மைதானத்தின் சட்டம். சட்டம் போட்டவரும் அவர்தான், மீறியவனை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கிழிகிழி என்று கிழிக்கிறவரும் அவர்தான்.

"ஒருத்தன் இறங்கினா பதினெட்டுப் பேரும் இறங்கணும்டா. இறக்கறதுக்கு ஒரு நிமிஷம் போதும், ஏத்தறதுக்கு மூணு வருஷம் ஆகும், தெரிஞ்சுக்கோ" என்பார். பேச்சில் மனிதரை யாரும் மிஞ்ச முடியாது.

அப்படிப்பட்டவருக்கு அந்தப் புதன்கிழமை வந்தது.

முதலில் அவருடைய மைத்துனனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மனைவியின் தம்பி, முப்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். ஏதோ ஒரு சிமெண்ட் கம்பெனியில் லாரி ஓட்டிக்கொண்டு அவன் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தான். அவனை இழுத்து வந்து, "எத்தனை நாளைக்கு அடுத்தவன் வண்டிய ஓட்டுவ? நீ வாங்கு. ரேட்ட நான் பாத்துக்கறேன், நீ ஓட்டு, போதும்" என்று சொந்தமாக டிப்பர் வாங்க வைத்தவர் ரேட்டுதான். பைனான்ஸ் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்தும் அவருடையதுதான். முதல் வருஷம் நன்றாகத்தான் போயிற்று. அப்புறம் கட்டட வேலைகள் படுத்துவிட்டன. பத்தொன்பது நாளாக இரண்டு வண்டியும் மைதானத்தில் தூங்கின. மைத்துனன் வண்டிக்கு மூன்று தவணை பாக்கி. பைனான்ஸ்காரர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: "வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரெண்டு தவணை கட்டணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமை ஆள் வந்து வண்டிய எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

ஒரு தவணை முப்பதாயிரம். ஒரு நல்ல வேலை பிடித்தால் தரகர் கொடுக்கிற அட்வான்ஸும் முப்பதாயிரம். ஆக இரண்டு வேலை வேண்டும். இரண்டு வேலை கிடைத்தால் வண்டி தப்பும், ஒன்று மட்டும் கிடைத்தால் தப்பாது. கணக்கு அவ்வளவு நறுக்கென்று இருந்தது.

புதன்கிழமை காலை எட்டரைக்கு முதல் தரகர் வந்தார். வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே கிளம்பாத மனிதர், அதனால் குடைக்காரர். ரேட்டைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அதனால் 'நீ' என்றுதான் பேசுவார்.

"ஒரு வேலை இருக்குப்பா. பெரிய கட்டடம், அடித்தளம் தோண்டறாங்க. மண்ணை எடுத்துக்கிட்டுப் போகணும். பன்னெண்டு கிலோமீட்டர். நாப்பது நாள் ஓடும். ஒரு வண்டிதான் கேக்கறாங்க. என்ன சொல்லலாம்?"

எந்தக் கட்டடம், எந்தத் தெரு என்று ரேட்டு கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. தரகர்கள் வேலை எங்கே என்று வண்டிக்காரரிடம் சொல்லமாட்டார்கள், வண்டி யாருடையது என்று சைட்டில் சொல்லமாட்டார்கள். சொன்னால் இரண்டு பேரும் நேரே பேசி முடித்துவிட்டு நடுவில் இருப்பவரைக் கழற்றிவிட்டுவிடுவார்கள் என்ற பயம். வேலைக்குப் போகிற அன்று காலையில் வேலைச்சீட்டு கைக்கு வரும்போதுதான் இடம் தெரியும். தொழில் அப்படியே நடந்து வருகிறது, யாரும் அதை மாற்ற நினைத்ததில்லை.

ரேட்டு சாக்கட்டியை எடுத்தார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு வட்டத்துக்குள் வந்தது ஆயிரத்து அறுநூறு. பேரம் பேச இருநூறு சேர்த்து, "ஆயிரத்து எண்ணூறு சொல்லுங்க" என்றார்.

குடைக்காரர் போய் அரை மணி நேரம் ஆகியிருக்காது, போன் அடித்தது. டயர்க்கடை வைத்திருக்கிற ஆள். கடையில் உட்கார்ந்தபடியே தரகும் பார்ப்பான்.

"அண்ணே, ஒரு இடம் இருக்கு. தாழ்வான நிலம், மண்ணைக் கொட்டி ரொப்பணுமாம். பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். ஒண்ணரை மாசம் ஓடும். ஒரு வண்டி வேணும். உங்க ரேட்டு என்ன?"

ரேட்டுக்குத் தலைகால் புரியவில்லை. பத்தொன்பது நாளாக நாய்கூட எட்டிப் பார்க்காத இடத்தில் ஒரே காலையில் இரண்டு வேலை! மண் எடுக்கிற வேலை தனக்கு, பள்ளம் ரொப்புகிற வேலை மைத்துனனுக்கு என்று அப்போதே மனதில் பிரித்துவிட்டார். "ஆயிரத்து எண்ணூறு" என்று அதற்கும் சொன்னார். போனை வைத்துவிட்டு மைத்துனனைக் கூப்பிட்டு, "வண்டியக் கழுவி வை. கிரீஸ் அடி. ஏர் பாரு" என்றார்.

"கிடைச்சிருச்சா மாமா?"

"கிடைக்கும்டா. மாமா எதுக்கு இருக்கேன்?"

பத்தே முக்காலுக்குக் குடைக்காரரிடமிருந்து போன். "வேற எவனோ ஆயிரத்து எண்ணூறுக்கே கேக்கறானாம்ப்பா. நீ கொஞ்சம் இறங்கினா நம்மகிட்ட முடிஞ்சிடும்."

"ஆயிரத்து எழுநூறு" என்றார் ரேட்டு. நூறு தானே, வட்டத்துக்கு மேலேதானே இருக்கிறது.

பதினொன்றேகாலுக்கு டயர்க்கடைக்காரன். "அண்ணே, ஒரு ஆளு ஆயிரத்து எழுநூறுக்கு வந்துட்டான். என்ன பண்ணலாம்?"

"அடப்பாவி. சரி, அறுநூத்தம்பது சொல்லு."

குடைக்காரர்: "அந்த ஆளு அறுநூத்தம்பதாம்ப்பா."

"அறுநூறு. அதுக்குக் கீழ நான் வரமாட்டேன், சொல்லிடுங்க."

டயர்க்கடைக்காரன்: "அண்ணே, அறுநூறு."

ரேட்டு போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்தார். எவன் இவன்? இரண்டு வேலையிலும் மூக்கை நுழைத்து இரண்டிலும் தன் வாயில் மண்ணைப் போடுகிற இவன் எவன்? மைதானத்தில் நிற்கிற அத்தனை வண்டிகளையும் ஒரு சுற்று பார்த்தார். எல்லோரும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சற்றுத் தள்ளி, போனில் வாயைப் பொத்திக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர். வழுக்கையை மறைக்க எப்போதும் தொப்பி போட்டிருப்பார். ரேட்டுக்கு ஒன்பது வருஷத்துச் சினேகிதர், ஒரே தட்டில் சாப்பிட்டவர்.

ரேட்டு நேராக அவரிடம் போனார். "யாருகிட்ட பேசற?"

"வீட்டுல. எதுக்கு?"

"வீட்டுல பேசறதுக்கு வாயப் பொத்திக்கிட்டா பேசுவாங்க? எங்க காட்டு போனை."

தொப்பிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன ஆச்சு உனக்கு? மனுஷன் வீட்டுல பேசினா அதுக்கும் உன்கிட்ட ரசீது காட்டணுமா?"

"எவனோ ரேட்ட உடைக்கிறான். ஆயிரத்து அறுநூறுக்கு வந்துட்டான். இந்த மைதானத்துல கூட இருந்துக்கிட்டே குழி பறிக்கிறான்."

"அதுக்கு நான்தான் கிடைச்சனா?" என்றார் தொப்பிக்காரர். போனை ரேட்டின் கையில் திணித்தார். கடைசியாக அழைத்தது வீட்டுக்குத்தான். ரேட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. ஏனென்றால் அதற்குள் அவருடைய போன் மறுபடி அடித்தது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது இரண்டு பக்கமும் வட்டத்துக்கு இருநூறு கீழே, ஆயிரத்து நானூறில் நின்றது. அவர் ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டு மறு கையில் போனைப் பிடித்திருந்தார். மனைவி எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, சோறு காயுது. முதல்ல சாப்பிடுங்க."

"எவனோ ஒரு கழுத்தறுப்பு. ரெண்டு வேலைலயும் நான் சொல்லச் சொல்ல என்னைவிடக் கம்மியா சொல்றான். நான் மூச்சு விட்டா அவனுக்குக் கேக்குது."

"என்ன வேலை?"

"உன் தம்பிக்குப் பள்ளம் ரொப்பற வேலை. எனக்கு மண்ணெடுக்கற வேலை."

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "எடுக்கற மண்ணை எங்க கொண்டுபோய்க் கொட்டுவாங்களாம்?"

"எங்கயோ கொட்டுவாங்க. அதெல்லாம் உனக்கு எதுக்கு? மோர் இருந்தா ஊத்து."

அவள் மோர் ஊற்றினாள். தம்பியின் வண்டி போய்விடுமோ என்ற பயத்தில் மூன்று நாளாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிற்பகல் இரண்டரைக்கு ஆயிரத்து முந்நூறு. இந்த இடத்தில்தான் ரேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். தவணையையும் வீட்டுச் செலவையும் விட்டுத் தள்ளுங்கள், கைக்காசு மட்டும் எவ்வளவு போகிறது என்று பார்த்தால்கூட ஒரு நடைக்கு டீசல் எண்ணூற்றைம்பது, டயர் தேய்மானம் நூற்றெண்பது, ஆயில், ஸ்பிரிங் பட்டை, பஞ்சர் எல்லாம் சேர்த்து நூற்றிருபது, தரகு ஐம்பது, பொக்லைன்காரனுக்கு ஐம்பது. ஆக ஆயிரத்து இருநூற்றைம்பது. அதற்குக் கீழே போனால், ஓட்ட ஓட்ட நஷ்டம். இதை மைதானத்தில் பதினேழு பேருக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவருக்குத் தெரியாமலா?

தெரியும். ஆனால் இரண்டில் எதை விடுவது? தன் வேலையை விட்டால் ஒரு தவணைக்குத்தான் பணம். மைத்துனன் வேலையை விட்டாலும் ஒரு தவணைக்குத்தான் பணம். பைனான்ஸ்காரர் கேட்பது இரண்டு. எங்காவது உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் குடைக்காரரிடம் ஆயிரத்து இருநூற்றைம்பது என்று சொல்லி நான்கு நிமிஷத்தில், அந்த முகம் தெரியாத பாவியும் ஆயிரத்து இருநூற்றைம்பதுக்கு வந்துவிட்டான் என்றான் டயர்க்கடைக்காரன், அழுகை போய் ஆத்திரம் வந்துவிட்டது.

"இருநூறு" என்று கத்தினார்.

"அண்ணே, நிதானமா..." என்றான் டயர்க்கடைக்காரன்.

"இருநூறுன்னு சொல்லுடா. அவன் எவ்வளவு தூரம் வர்றான்னு நானும் பாக்கறேன்."

நாலரை மணிக்குக் குடைக்காரர் கடைசியாகக் கூப்பிட்டார். அவர் குரலே சோர்ந்து போயிருந்தது. "சைட்ல ஆயிரத்து நூத்தம்பதுன்னு முடிச்சுட்டாங்கப்பா. அந்தப் பக்கத்து ஆளும் அதே ரேட்டுக்கு ஒத்துக்கிட்டாராம். அந்த விலைக்குன்னா ரெண்டு வண்டியும் எடுத்துக்கறாங்களாம். வர்றியா, விட்டுடறியா? இப்பவே சொல்லணும்."

டயர்க்கடைக்காரனிடம் ரேட்டு தானே ஆயிரத்து நூற்றைம்பது என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 'அந்தப் பக்கத்து ஆள்' யார் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. ஓடினால் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், டீசலைக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், பத்து நாள் போனபின் சைட்டில் பேசி ஐம்பது நூறு ஏற்றிவிடலாம் என்று என்னென்னவோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"வர்றேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை இரண்டு தரகர்களும் தனித்தனியே அட்வான்ஸ் கொடுத்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அறுபதாயிரமும் பைனான்ஸ் அலுவலக மேஜைமேல் போய்ச் சேர்ந்தது. பைனான்ஸ்காரர் ரசீது போட்டுக் கொடுத்து, "பாத்தீங்களா, மனசு வெச்சா முடியுது" என்றார். மைத்துனன் வெளியே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நடுரோட்டில் ரேட்டின் காலைத் தொடக் குனிந்தான்.

"சீ, எழுந்திருடா. என்ன பண்ற" என்று ரேட்டு அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குடைக்காரர் சீட்டைக் கொடுத்து வழியைச் சொன்னார். ரேட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நகரத்தின் ஓரத்தில், தகரத்தட்டியால் நாலு பக்கமும் அடைத்த பெரிய சைட். உள்ளே பள்ளம் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. வாசலில் காவலாளி வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தான். ரேட்டு வரிசையில் நின்றார். பின்னால் ஒரு வண்டி வந்து நின்று பழகிய ஹாரன் அடித்தது. கண்ணாடியில் பார்த்தார்.

மைத்துனன் வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா! நீங்களும் இங்கதானா? நல்லதாப் போச்சு! ரெண்டு பேரும் ஒண்ணாவே ஓட்டலாம்."

"நீ எங்கடா இங்க? உனக்குப் பள்ளம் ரொப்பற வேலைதானே?"

"ஆமா. இங்க மண்ணை எடுத்துக்கிட்டுப் போய், அங்க பன்னெண்டு கிலோமீட்டர்ல ஒரு பள்ளத்துல கொட்டணுமாம்." அவன் தன் சீட்டை நீட்டினான்.

ரேட்டு இரண்டு சீட்டையும் ஸ்டீரிங் மேல் வைத்துப் பார்த்தார். ஒரே சைட். ஒரே கையெழுத்து. ஒரே தேதி. நடைக்கு ஆயிரத்து நூற்றைம்பது, இரண்டிலும். மண்ணெடுக்கிற இடம், மண் கொட்டுகிற இடம், நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரே வேலையை ஒருவர் இந்த முனையிலிருந்து சொல்லியிருக்கிறார், இன்னொருவர் அந்த முனையிலிருந்து சொல்லியிருக்கிறார்.

புதன்கிழமை காலை எட்டரையிலிருந்து சாயங்காலம் நாலரை வரைக்கும் அவர் யாரோடு மல்லுக்கு நின்றார், யாரைத் திட்டித் தீர்த்தார், யாரை வீழ்த்தியே தீருவேன் என்று கத்தினார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன மாமா? ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ராத்திரி சரியாத் தூங்கல. நீ வண்டிய உள்ள விடு."

சூப்பர்வைசர் தகர அறையில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். ரேட்டு இரண்டு சீட்டையும் மேஜைமேல் வைத்தார். "சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. இந்த ரெண்டு வண்டிக்கும் ரேட்டு சொன்னது நான்தான். ரெண்டு பக்கமும் நானே இறக்கிட்டேன். வேற ஆளே இல்ல சார்."

சூப்பர்வைசர் சீட்டுகளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"உண்மையாவா? நான்கூட யோசிச்சேன், யாருடா இப்படிப் போட்டி போடறாங்கன்னு. ரெண்டு தரகரும் மாறி மாறி இறங்கிக்கிட்டே வந்தாங்க."

"கொஞ்சம் பாத்து ஏத்திக் குடுங்க சார். ஆயிரத்து நானூறு போட்டாக்கூடப் போதும்."

"எப்படிங்க முடியும்? நேத்தே மேல அனுப்பிட்டேன், கையெழுத்தாகி வந்துடுச்சு." சற்று நேரம் பேனாவை உருட்டினார். "சொல்லக்கூடாது, ஆனா சொல்றேன். ஆயிரத்து எழுநூறு வரைக்கும் குடுக்கலாம்னுதான் எனக்குச் சொல்லியிருந்தாங்க. நீங்க அந்த எழுநூறுலயே நின்னிருந்தீங்கன்னா அன்னைக்கே முடிச்சிருப்பேன். நீங்களா இறங்கறப்ப நான் எதுக்குங்க நிறுத்தணும்?"

சூப்பர்வைசர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை. யாரும் ஏமாற்றவில்லை. தரகர்கள் பொய் சொல்லவில்லை. ஒருத்தன் ஆயிரத்து எழுநூறு சொல்கிறான் என்றால் உண்மையாகவே ஒருத்தன் சொல்லியிருந்தான். சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு ஆளாவது இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"விட்டுட்டுப் போறதுன்னா?" என்று கேட்டார்.

"தாராளமாப் போகலாம். ரெண்டு அட்வான்ஸையும் திருப்பிக் கட்டிட்டுப் போங்க. ஓட்டறதா இருந்தா சீட்டுக்குப் பின்னாடி படிச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு ஆறு நடைக்குக் குறையக்கூடாது, குறைஞ்சா பிடித்தம் இருக்கு."

அறுபதாயிரம் பைனான்ஸ்காரர் மேஜையைவிட்டு இனி எழுந்து வராது. ரேட்டு வெளியே வந்து குடைக்காரரைப் போனில் கூப்பிட்டார். குடைக்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "அட ஆண்டவனே" என்றார். "ரெண்டு பேருகிட்ட ஒரே நேரத்துல பேசினா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?" என்றார். "என் தரகுல வேணும்னா பத்து ரூபா குறைச்சுக்கறேன். அதுக்கு மேல என்னால என்ன பண்ண முடியும்?" என்றார். நல்ல மனிதர். அவராலும் ஒன்றும் முடியாது.

பொக்லைன் முதல் வாளி மண்ணை வண்டியில் கொட்டியபோது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. ஈரமண், எடை அதிகம். நடைக்கு நூறு நஷ்டம், இன்றைக்கு ஆறு நடை என்றால் அறுநூறு, இரண்டு வண்டிக்கு ஆயிரத்து இருநூறு, நாற்பது நாளைக்கு நாற்பத்தெட்டாயிரம். இதில் தவணை சேரவில்லை, வீட்டுச் செலவு சேரவில்லை. சாக்கட்டி இல்லாமலே கணக்கு மண்டைக்குள் ஓடியது, நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

மூன்றாவது நடை போய்க்கொண்டிருந்தபோது தொப்பிக்காரர் போனில் வந்தார். ரேட்டு வண்டியை ஓரம் கட்டினார்.

"உன்கிட்டப் பேசக்கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார் தொப்பிக்காரர். "ஆனா விஷயம் பெரிசாயிடுச்சு, அதனால சொல்றேன். இன்னைக்கு ஒரு வேலை கேட்டுப் போனேன். ஆயிரத்து நூத்தம்பதுக்கு வர்றியான்னு கேக்கறான். ஏண்டான்னா, பன்னெண்டு கிலோமீட்டருக்கு இப்ப அதுதான் ரேட்டாம், ரெண்டு வண்டி ஓடிக்கிட்டிருக்காம். மைதானத்துல எல்லாரும் கொதிச்சுப்போய் உக்காந்திருக்காங்க. நீ அன்னைக்கு என்மேல சந்தேகப்பட்டப்ப எனக்குக் கோபம்தான். ஆனா நீ சொன்னது நிஜம், எவனோ உடைச்சுட்டான். அவன் எவன்னு கண்டுபிடிச்சியா?"

பக்கத்தில் வண்டிகள் விர்விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. சொல்லிவிடலாம் என்று ரேட்டு வாயைத் திறந்தார். மைதானத்தில் உட்கார்ந்திருக்கிற பதினாறு முகமும் கண்முன் வந்தது. ஒவ்வொருத்தனுக்கும் தவணை, ஒவ்வொருத்தனுக்கும் வீடு.

"இன்னும் தெரியல" என்றார்.

"கண்டுபிடி. நீதான் கேக்கணும் அவனை. நாங்க கேட்டா எங்களை மதிக்க மாட்டான்" என்றார் தொப்பிக்காரர், போனை வைத்தார்.

ரேட்டு ஸ்டீரிங் மேல் தலையைச் சாய்த்தார். வெட்கமாக இருந்தது. இந்த வயசில், இந்தப் பேரை வைத்துக்கொண்டு. பின்னால் வந்த ஒருவன் வழி கேட்டு ஹாரன் அடித்தான், அவர் வண்டியை எடுத்தார்.

அவரால் ஆறு நடைதான் முடிந்தது. கடைசி மண்ணைக் கொட்டிவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. மைத்துனனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தார். உட்காரவைத்து, ரேட்டு இதுதான், செலவு இதுதான், நீ ஓட்டுகிற ஒவ்வொரு நடைக்கும் உன் பையிலிருந்து நூறு போகிறது, ஆறோடு நிறுத்திக்கொள் என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் எப்படி இந்த ரேட்டுக்கு ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்பான். கேட்கட்டும். அவன் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

மைத்துனனின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, பின்பக்கத்தைத் தூக்கி மண்ணைச் சரித்தது. அவன் இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கண் இமையில்கூடப் புழுதி. காதில் போன் இருந்தது.

"ஆமாக்கா, மாமாகூடதான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் ஒரே இடம்தான். நீ ஒண்ணும் கவலைப்படாத, நல்லாச் சாப்பிடு. இந்தா, மாமாகிட்டக் குடுக்கறேன்."

ரேட்டு போனை வாங்கிக் காதில் வைத்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "என் தம்பிய நீங்க கைவிடல. நான் உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

"சரி, சரி. வை" என்றார் அவர்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது மைத்துனன் கையை உயர்த்தி விரல்களைக் காட்டினான்.

"ஏழு நடை மாமா! உங்களைவிட ஒண்ணு ஜாஸ்தி. பொக்லைன்காரன்கிட்டப் பேசி வெச்சிருக்கேன், நாளைக்கு அஞ்சு மணிக்கே லோடு போடறேன்னிருக்கான். எட்டு போடலாம். ரோடு ஒத்துழைச்சா ஒன்பதுகூடப் போடலாம்."

"ஆறு போதும்டா" என்றார் ரேட்டு. "வண்டி சூடாகும். உடம்பும் தாங்காது. ஆறு போதும்."

"என்ன மாமா நீங்க? எனக்காக இவ்வளவு தூரம் அலைஞ்சு வேலை வாங்கிக் குடுத்திருக்கீங்க. அதுல நான் ஒரு நடைய விட்டேன்னா நான் மனுஷனா?" அவன் வண்டிக்குத் திரும்பினான். ஏறப் போனவன் நின்று வானத்தைப் பார்த்தான். "இன்னும் வெளிச்சம் இருக்கு மாமா. சைட்டும் மூடல. நான் ஓடிப்போய் இன்னைக்கே எட்டாவதையும் போட்டுட்டு வந்துடறேன்."

"டேய், நில்லுடா" என்றார் அவர்.

இஞ்சின் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் கையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.